பெட்டிக்காரரும் கோட்டுக்காரரும்: மொட்டை மாடிப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்கு முந்தைய வாரம், தெருவில் பாதிப் பேர் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு படம் போடுகிறோம். வருடா வருடம் ஒரே படம்தான்: 1987 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’. கேள்விகளும் வருடா வருடம் ஒன்றேதான். மாடிப்படியில் நின்று பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் படித்துவிட்டு மேலே ஏறி வரவும்.

அப்படி என்ன கதை?

இரண்டு பேர் வீடு போய்ச் சேரும் கதை. நீல் பேஜ் விளம்பரத் துறையில் இருப்பவர். மடிப்புக் கலையாத கோட்டு, கையில் சின்னத் தோல்பெட்டி, சிகாகோவில் வீடு, மனைவி, குழந்தைகள். வேலையாக நியூயார்க் வந்தவர், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் திரும்பக் கிளம்புகிறார். டாக்ஸி பிடிக்க ஓடும்போது நடைபாதையில் இருந்த ஒரு பெரிய பெட்டியில் தடுக்கி விழுகிறார். பெட்டிக்குச் சொந்தக்காரர் டெல் கிரிஃபித். பருத்த உடம்பு, ஓயாத வாய், யாரைப் பார்த்தாலும் சிநேகம். நீலாக ஸ்டீவ் மார்ட்டின், டெல்லாக ஜான் கேண்டி. எழுதி, தயாரித்து, இயக்கியவர் ஜான் ஹியூஸ்.

விமானத்தில் ஏறினால் நீலுக்குப் பக்கத்து இருக்கையில் அதே பெட்டிக்காரர். சிகாகோவில் பனிப்புயல் என்று விமானத்தைத் திருப்பி விச்சிட்டா என்ற ஊரில் இறக்கிவிடுகிறார்கள். உலகப்படத்தை எடுத்துப் பார்த்தால் இதிலுள்ள கொடுமை புரியும். நியூயார்க்கிலிருந்து சிகாகோ சாலை வழியாகச் சுமார் 1,270 கிலோமீட்டர். விச்சிட்டாவிலிருந்து சிகாகோ ஏறக்குறைய 1,150. ஒரு முழு விமானப் பயணம் முடிந்தும் வீடு கிட்டத்தட்ட கிளம்பிய தூரத்திலேயே நிற்கிறது.

பிறகு ரயில், பஸ், வாடகைக் கார், கடைசியில் குளிர்சாதன லாரி. ரயில் எஞ்சின் வழியில் படுத்துவிடுகிறது. கார் தீப்பிடித்துக் கரிக்கூடாகிறது. அதற்குப் பிறகும் அதை ஓட்டுகிறார்கள். இடையில் ஒரு லாட்ஜில் தூங்கும்போது இருவர் பணத்தையும் திருடன் எடுத்துப் போகிறான்.

அமெரிக்கப் பண்டிகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

அது நன்றி நவிலல் நாள். நவம்பர் நான்காவது வியாழன் என்று 1941இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு உறுதி செய்தது. அறுவடை முடிந்ததற்கு நன்றி சொல்லும் நாளாகத் தொடங்கியது. நாம் சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். அவர்கள் முழு வான்கோழியை வாட்டிக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். யார் யார் எங்கெங்கே பிழைக்கப் போயிருந்தாலும் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் நாடே ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறது.

நம் கதை தெரிந்ததுதானே. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் திறந்தது. 2024 நவம்பர் முதல் 60 நாள். 60 ஆனாலும் 120 ஆனாலும் பொங்கலுக்கு முந்தைய இரவுக்கான நெல்லை, தூத்துக்குடி வண்டிகள் காலை எட்டு மணிக்குக் கண் சிமிட்டுவதற்குள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். பஸ் என்றால் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம். வடசென்னையிலிருந்து 35 கிலோமீட்டருக்குக் குறையாது. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறி விமான நிலையம் வரை போய், அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பஸ் மாறி, ஊர் பஸ் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி ஊர் போய்ச் சேர்ந்த களைப்பு வந்துவிடும். இந்தப் படத்துக்கு முன்னுரை தேவைப்படாத ஜனம் நாம்.

படத்தில் பனி பனி என்கிறீர்களே, நம் மார்கழிப் பனியா?

அவர்களுடையது உறைபனி, விமானத்தையே நிறுத்தும். நம்முடையது பாயை நனைக்கும், காதை அடைக்கும், புரொஜெக்டர் கண்ணாடியில் படிந்து முதல் பத்து நிமிடத்துக்கு எல்லோர் முகத்தையும் மங்கலாக்கும். மப்ளர் கொண்டுவரவும். போகி அன்றைக்கு ஏன் போடக்கூடாது என்றும் கேட்கிறார்கள். ஒரு வருடம் போட்டோம். பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் திரையே தெரியவில்லை.

அந்த டெல் என்னதான் விற்கிறார்? போன வருடம் புரியவில்லை.

புரியாததில் தப்பில்லை. குளியலறையில் தண்ணீர் வெளியே தெறிக்காமல் இருக்க அவர்கள் ஒரு திரைச்சீலை தொங்கவிடுவார்கள். அந்தச் சீலையைக் கம்பியில் மாட்டும் வளையம் இருக்கிறதே, அதை விற்கிறார். ஊர் ஊராகப் போய் அதை மட்டும் விற்கிறார். ஒரு மனிதன் இதை விற்றுப் பிழைக்க முடியுமா என்று நீல் நினைப்பது அவர் முகத்திலேயே தெரியும்.

நம் மாடியில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வருவதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினம் போய்வருகிறவர்கள் நாம். கொருக்குப்பேட்டையில் ஏறி எண்ணூருக்குள் ஊக்கு, சீப்பு, பர்ஸ், கொய்யாப்பழம் என்று ஒரு பெட்டியையே காலி செய்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கைக்காசு தீர்ந்த நேரத்தில் டெல் அந்தத் திரைச்சீலை வளையங்களைக் காதணி என்று சொல்லி விற்கும் காட்சி ஒன்று வரும். ஆளுக்கு ஏற்றபடி அதே பிளாஸ்டிக் வளையத்துக்கு ஒரு புதுக் கதை கட்டுவார். போன வருடம் அந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து கைதட்டல் வந்தது. தட்டியவர் இருபது வருடமாக லோக்கல் ரயிலில் வியாபாரம் செய்கிறவர். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்குத் தட்டிய கை அது.

இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம்?

மாடி இரண்டாகப் பிரியும் கேள்வி. முதல் முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நீல் பக்கம். டெல்லோடு பயணம் போவது லேசான காரியமில்லை. விமானத்தில் செருப்பைக் கழற்றிக் காலை ஆட்டுவார். லாட்ஜில் இருக்கும் ஒரே கட்டிலில் பீரைக் கொட்டிவிடுவார். குளித்துவிட்டு வந்தால் உலர்ந்த துண்டு ஒன்றுகூட மிஞ்சாது. விளக்கை அணைத்த பிறகு தொண்டையைச் செருமிச் செருமி ஒரு கச்சேரியே நடத்துவார்.

நீல் வெடித்துவிடுகிறார். நீ சொல்லும் கதைகளுக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, கேட்கிறவனுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டாமா என்று நின்ற நிலையில் பொரிந்து தள்ளுகிறார். சொல்வது அத்தனையும் வேடிக்கையாக இருக்கும், நாமும் சிரிப்போம். அப்போது கேமரா டெல்லின் முகத்துக்குப் போகும். நம் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ஜான் கேண்டி அங்கே எதுவும் செய்யவில்லை. முகத்தில் இருந்த புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பிறகு மெதுவாகப் பதில் சொல்கிறார்: என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள், நான் மாறப் போவதில்லை, என்னை எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்கு என்னைப் பிடிக்கும்.

எங்கள் மாடியில் ஆங்கிலம் பழகாதவர்களுக்காக என் தங்கை மகள் ஒலிபெருக்கி பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். முதல் வருடம் இந்த வாக்கியத்தை ‘பிடிக்கும்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் போய்விட்டாள். முழுப் படமும் பார்த்த பிறகு அடுத்த வருடம் அதே இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். ‘பிடித்திருந்தது’ என்று டெல் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. ஏன் என்பதற்கு, இரண்டு கேள்வி தள்ளிப் படிக்கவும். முதல் முறை பார்ப்பவர்கள் படிக்க வேண்டாம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம், ஒரு நிமிடத்தைத் தவிர. நீல் வாடகைக்கு எடுத்த கார், நிறுத்துமிடத்தில் போய்ப் பார்த்தால் இல்லை. அவரை இறக்கிவிட்ட பஸ்ஸும் போய்விட்டது. பனியில், நெடுஞ்சாலையில் நடந்தே திரும்பி வந்து கவுன்டர் பெண்ணிடம் திட்டித் தீர்க்கிறார். ஒரு நிமிடத்துக்குள் ஒரே கெட்ட வார்த்தை 18 முறை. அந்த ஒரு காட்சியால்தான் படத்துக்கு அங்கே பெரியவர்கள் துணையோடு பார்க்கும் சான்றிதழ் கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பெண் கேட்கும் ஒரே கேள்வி, வாடகை ஒப்பந்தச் சீட்டு இருக்கிறதா என்பது. தூக்கி எறிந்துவிட்டதாக நீல் சொல்வார். அரசு அலுவலகத்தில் நகல் கேட்டு நின்ற அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பெண்ணின் புன்னகையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

போன வருடம் அந்த நிமிடத்துக்கு ஒலியைக் குறைத்தோம். அதுவரை பட்டத்து நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் உடனே நிமிர்ந்து திரையைப் பார்த்தார்கள். இந்த வருடம் குறைக்கப்போவதில்லை. என் தங்கை மகள் அந்த நிமிடத்தில் பொங்கலுக்குக் கரும்பு என்ன விலை என்று பேசுவாள்.

இது ‘அன்பே சிவம்’ கதைதானே?

2003 பொங்கலுக்கு வந்த படம். கமல்ஹாசன் எழுதி, சுந்தர் சி. இயக்கியது. புவனேஸ்வரத்தில் மழையால் விமானம் நின்றுபோக, கமலும் மாதவனும் சென்னை வந்து சேரப் படாத பாடு படுகிறார்கள். மாதவனுக்கும் விளம்பரத் தொழில்தான். ஆகவே எலும்பு ஒன்று என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். சதை வேறு. அங்கே இருவரும் முதலாளித்துவம், கடவுள், தொழிற்சங்கம் என்று வழியெல்லாம் வாதிடுகிறார்கள். இங்கே வாதம் துண்டையும் தலையணையையும் தாண்டுவதில்லை. முடிவும் நேர் எதிர். நல்லசிவமாக வரும் கமல் கடைசியில் கல்யாண வீட்டுக்குள் தங்குவதில்லை. கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். டெல் எங்கே போகிறார் என்பது கடைசிப் பதிலில்.

எது பெரிய படம் என்று கேட்காதீர்கள். போன வருடம் இதற்காக எதிர்வீட்டு மாமாவும் என் மைத்துனரும் மாட்டுப் பொங்கல் வரை பேசிக்கொள்ளவில்லை.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா?

போகாது. கூடும். டெல்லுக்குப் போய்ச் சேர வீடே இல்லை. மனைவி மேரி இறந்து எட்டு வருடம். அந்தப் பெரிய பெட்டிதான் அவர் குடித்தனம்.

நீலுக்கு இது தெரிவது சிகாகோவில் விடைபெற்றுப் பிரிந்த பிறகு. ரயிலில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் நினைத்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பின் நடுவே, டெல் அங்கங்கே சொன்ன துண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிரிப்பு அடங்குகிறது. ரயில் மாறித் திரும்பிப் போனால், பிரிந்த ஸ்டேஷனிலேயே டெல் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு முதலிலிருந்து பாருங்கள், படம் வேறாகிவிடும். விச்சிட்டாவில் இறங்கினால் டெல்லுக்கு லாட்ஜ்காரரைத் தெரிகிறது. வீடு உள்ளவனுக்கு லாட்ஜ்காரர் சிநேகம் எதற்கு? கட்டில் பக்கத்து மேசையில் மனைவி படத்தை எடுத்து வைக்கிறார். வீட்டுப் பக்கம் போய் வருடங்கள் ஆகின்றன என்ற ஒரு வாக்கியம் வேடிக்கைப் பேச்சின் நடுவே நழுவிப் போகும். கரிந்த காரில், பனியில், ஒற்றையாக உட்கார்ந்து மேரியிடம் பேசுவார். எதையும் ஒளிக்கவில்லை. நாம்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஏமாறாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஆச்சி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். முதல் வருடம் லாட்ஜ் காட்சியில், கேமரா அந்தப் படத்தைக் கடந்து போன நொடியில், வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “பாவம், அவனுக்குப் பெண்டாட்டி இல்லை.” எப்படித் தெரியும் ஆச்சி என்றேன். “இரண்டு நாளில் வீட்டுக்குப் போகிறவன் படத்தை எதற்கு வெளியே எடுக்கிறான்?” இதற்கு மேல் நான் படித்த எந்த விமர்சனமும் சொல்லவில்லை.

அப்படியென்றால் டெல் பொய் சொன்னாரா?

இல்லாத வீட்டைப் பற்றி அவர் கதை கட்டவில்லை. கேட்கிறவர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் திருத்தவில்லை, அவ்வளவுதான். பண்டிகை நேரத்தில் ‘எந்த ஊருக்கு’ என்று யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேர் உண்மையைச் சொல்கிறோம்?

செல்போன் காலத்தில் இந்தக் கதை நடக்குமா?

வருடத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் இதைக் கேட்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கே இருந்தீர்கள் தம்பி? வியாசர்பாடிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள 14ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்ட்ரல் வண்டிகள் வரிசையாக ரத்தாயின. ஸ்டேஷனில் நின்றவர்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. ரத்து என்ற செய்தி சீக்கிரம் வந்தது, வேறென்ன.

அந்தப் புயலுக்கு முன்பு ஒரு தீபாவளிக்கு நானே ஒரு தனியார் பஸ்ஸில் சிக்கினேன். விழுப்புரம் தாண்டி டயர் வெடித்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன் மூன்று மகள்களின் வரன் கதையை ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டாவது மகளின் நிச்சயதார்த்தம் வரை நான் தூங்குவது போல நடித்தேன். மூன்றாவது வரனில் என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியாது. மாற்று பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் இடம் கிடைத்துவிட்டது.

படம் ஓடியதா?

ஓடியது. சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் எடுத்து, அமெரிக்காவில் மட்டும் ஐந்து கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வசூலித்தது. முதலில் வெட்டித் தொகுத்தபோது மூன்று மணி நேரத்தைத் தாண்டியதை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினார்கள். 2022இல் வெளியான 4கே பதிப்பில் விடுபட்ட காட்சிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மாடிக்குக் கீழே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜான் கேண்டி 1994இல், 43 வயதில் மாரடைப்பால் காலமானார். ஹியூஸ் 2009இல்.

என்ன கொண்டுவர வேண்டும்?

பாய். முட்டி வலி உள்ளவர்கள் ஸ்டூல். சுண்டலும் சுக்குக் காப்பியும் நாங்கள் தருகிறோம். டிக்கெட் கிடையாது. மாடிப்படியில் நான்காவது படி உடைந்திருக்கிறது.

எங்களுக்கு ஊர் என்று ஒன்றும் கிடையாது. நாலு தலைமுறையாக இதே தெரு. பொங்கல் வந்தால் ‘ஊருக்குப் போகவில்லையா’ என்று எல்லோரும் கேட்பது எரிச்சலாக இருக்கிறது. நாங்களும் வரலாமா?

முன்வரிசை உங்களுக்குத்தான். கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர். அடுத்த பேட்டையான ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி கிளம்பியது. ஊருக்குப் போகும் ரயில் வருவதற்கு முன்பே இது ஊராக இருந்தது என்று அடுத்த முறை கேட்கிறவர்களிடம் சொல்லுங்கள்.

படத்தை முழுக்க இருந்து பாருங்கள். கடைசியில் நீல், டெல்லைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அந்தப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் தெருவில் நடந்து வருவார்கள். அந்த இடத்தில் விளக்கைப் போட வேண்டாம் என்று என் மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். போன வருடம் அவசரப்பட்டுப் போட்டுவிட்டான். எதிர்வீட்டு மாமா மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததை மாடியே பார்த்துவிட்டது. பனி என்றார்.